அவள் ஒளித்த நகம்

என் மனைவியின் வலது கால் பெருவிரல் நகத்தை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தபோது எங்களுக்குக் கலியாணமாகி முப்பது வருடங்களுக்கு மேலாகியிருந்தது. ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரே கட்டிலில் படுத்தவர்கள். அவளுடைய நோவுகள் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஒரு விரல் மட்டும் தெரியாது.

அவள் மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் சென் ஜேம்ஸ் ரவுண் என்கிற பகுதியில் இன்னொரு குடும்பத்தோடு ஒரு அப்பாட்மென்ற்றைப் பங்குபோட்டு இருந்தேன். எனக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. வந்து சில மாதங்களில் அவளுக்கும் நகர மையத்தில் கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. குளிர் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பெண் தன்னுடைய பழைய பூட்ஸ் ஒரு சோடியைக் கொடுத்தாள். அது என் மனைவிக்குச் சின்னன். வேறு வாங்குவோம் என்றேன். ஒரு குளிர்காலம்தானே, சமாளிக்கலாம் என்று சொல்லிவிட்டாள். வீதித் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்காரில் ஆட்களோடு நெருக்குப்படப் பிடிக்காமல் நடந்தே போய் வருவாள். ஐஸ் உறைந்த நடைபாதையில் வழுக்காமல் இருக்க விரல்களை ஊன்றி ஊன்றி நடக்கவேண்டும். ஊரில் செருப்போடும் வெறுங்காலோடும் திரிந்த கால்கள் அவை.

நகம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. மாசி மாதம் ஒருநாள் வேலையால் வந்து கட்டிலில் இருந்து சொக்ஸைக் கழற்றினாள். நகம் சொக்ஸோடு கழன்று வந்துவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. சொக்ஸையும் நகத்தையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். நான் வெளியே நின்று கூப்பிட்டேன். ஒன்றுமில்லை, நோகவில்லை என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

அது திரும்ப வளர்ந்தது. ஆனால் நகம்போல வளரவில்லை. "கொம்பு முளைச்சிருக்கு" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாள். காட்டு என்றேன், காட்டவில்லை. நகம் முளைக்கும் இடமே பழுதாகிவிட்டது, இனி எப்போதும் தடித்து வளைந்துதான் வளரும் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஏன் அவ்வளவு ஒளித்தாள் என்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும். அவளைப் பெண் பார்க்கப் போன அன்று நான் கூச்சத்தில் நிமிரவே இல்லை. நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன். அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது நான் பார்த்தது அவளுடைய பாதங்களைத்தான். வடிவான பாதங்கள். நீளமான விரல்கள், சிப்பிபோல் சுத்தமான நகங்கள். அந்தப் பாதங்களைப் பார்த்துத்தான் ஓம் என்று சொன்னேன் என்று கலியாணம் முடிந்த புதிதில் அவளிடம் சொல்லியிருந்தேன். அதை அவள் அப்படி மனதில் வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

நகம் கழன்ற நாளிலிருந்து வீட்டிலும் சொக்ஸ்தான். கோடை வெயிலில் மற்றப் பெண்கள் செருப்போடு கோயிலுக்கு வர, அவள் மூடிய சப்பாத்தோடு வருவாள். வேலை மாறினோம், வீடு மாறினோம், மகள் பிறந்து வளர்ந்தாள், மோர்னிங்சைட் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கினோம். சொக்ஸ் மாறவில்லை. சனிக்கிழமைகளில் குளித்த பிறகு தொட்டியின் விளிம்பில் இருந்து நகம் வெட்டுவாள். அதற்கென்று குறடுபோல ஒரு பெரிய நகவெட்டி வாங்கி வைத்திருந்தாள். பூட்டிய கதவுக்கு வெளியே 'டக்' என்று தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். எனக்கு அந்த நகம் தெரியாது, அதன் சத்தம்தான் தெரியும்.

ஒருமுறை எங்கள் பங்குக் கோயிலில், பெரிய வியாழன் பூசையில் குருவானவர் ஆட்களின் பாதங்களைக் கழுவுகிற சடங்குக்குப் பெண்களையும் சேர்க்கிறோம் என்று சொல்லி அவளைக் கேட்டார்கள். எத்தனையோ வருடமாக ஒரு ஞாயிறும் தவறாமல் போகிறவள், பாடகர் குழுவில் பாடுகிறவள். யாருக்கும் கிடைத்தால் பெருமைப்படுகிற விஷயம். அவள் காய்ச்சல் என்று சொல்லி அந்த வருடம் பெரிய வியாழனுக்கே போகவில்லை. வீட்டில் தனியாக இருந்து செபமாலை சொன்னாள். நான் பூசையால் வந்து பார்த்தபோது கண்கள் வீங்கியிருந்தன. நான் போய்த் தேத்தண்ணீர் வைத்தேன். கேட்டால் அவள் இன்னும் வெட்கப்படுவாள்.

அவளுக்கு மறதி வந்ததை நாங்கள் முதலில் நோய் வருத்தம் என்று நினைக்கவில்லை. வயது போகிறது என்றுதான் நினைத்தோம். ஒருநாள் கடைக்கென்று மோர்னிங்சைட் வீதியில் பஸ் ஏறினவள் கடைசித் தரிப்புவரை போய் இறங்காமல் இருந்திருக்கிறாள். சாரதி வந்து கேட்டபோது, சென் ஜேம்ஸ் ரவுண் இன்னும் வரவில்லையா என்று கேட்டிருக்கிறாள். நாங்கள் அங்கிருந்து வந்து இருபது வருடங்களுக்கு மேல். சாரதி நல்ல மனிதன். அவளுடைய பையிலிருந்த ஃபோனில் என்னை அழைத்தான்.

பிறகு ஒவ்வொன்றாகப் போயின. சமையல் போனது. பாட்டுகளின் வரிகள் போயின. செபமாலையைத் தொடங்குவாள், ஒரு மணியை விட்டு அடுத்த மணிக்குப் போக மறந்து அதிலேயே நிற்பாள். பேரப்பிள்ளையின் பெயர் போனது. கடைசியில் நானும் போனேன். கொஞ்ச நாள் என்னைத் தன் அண்ணன் என்று நினைத்தாள். பிறகு அதுவும் இல்லை. அவளுடைய மனதில் அவள் இளம் பெண். எதிரில் இருக்கும் நரைத்த கிழவன் யாரோ ஒருவர். "ஐயா, நீங்கள் ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று மரியாதையாகக் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் என்னைத் தெரிந்ததற்கான ஒரு அடையாளமும் இருக்காது. டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லியிருந்ததால் ஒன்றும் குறையவில்லை.

அவளைக் குளிப்பாட்ட வாரத்தில் சில நாட்கள் ஒரு தமிழ்ப் பெண் வருவாள். நிதானமான பிள்ளை. அவள்தான் ஒருநாள் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, "அங்கிள், அன்ரி வலது கால் சொக்ஸைக் கழட்ட விடுறா இல்லை. சொக்ஸோடைதான் குளிக்கிறா" என்றாள். ஈரச் சொக்ஸை யார் மாற்றுகிறார்கள் என்று கேட்டேன். அன்ரியே மாற்றுகிறா என்றாள்.

அது உண்மை. நான் கவனித்துப் பார்த்தேன். சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாதவள், கரண்டியைப் பிடிக்கத் தெரியாதவள், சுவர்ப் பக்கம் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு அந்தச் சொக்ஸை மட்டும் கெதியாக மாற்றுவாள். பெயர்கள், முகங்கள், நாடு, கடவுள் எல்லாம் போன பிறகும், மறைக்கவேண்டிய ஒன்று தன் காலில் இருக்கிறது என்பது அவளை விட்டுப் போகவில்லை.

ஆனால் வெட்டுவதை மறந்துவிட்டாள். குளியலறையில் அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பெண் சொன்ன பிறகுதான் யோசித்தேன். என் மனைவி நொண்டத் தொடங்கியிருந்தாள். சொக்ஸின் நுனியில் மஞ்சளாக ஏதோ ஊறிக் காய்ந்திருந்தது. பக்கத்தில் இருந்தால் அழுகல் மணத்தது.

ஒருநாள் மத்தியானம், சாப்பாடு முடிந்து அவள் ஜன்னலோரக் கதிரையில் இருந்தாள். நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று நினைத்து, ஒரு பேசினில் இளஞ்சூடான தண்ணீரும் அந்தப் பெரிய நகவெட்டியும் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். என் முழங்கால்களும் இப்போது அவ்வளவு சுகமில்லை. இருக்கும்போதே முனகினேன். அவள் என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள். நான் மெதுவாக அவளுடைய காலைப் பிடித்தேன். உடனே இழுத்துக் கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"தொடாதேங்கோ ஐயா."

"நான்தானப்பா. நகம் வெட்டவேணும். புண்ணாகிப் போச்சு."

"என்ரை மனிசன் வேலையால வாற நேரம். நீங்கள் போங்கோ."

நான்தான் உம்முடைய மனிசன் என்று வாய்வரை வந்தது. முன்பும் சொல்லியிருக்கிறேன். சொன்னால் அவள் பயந்து அழுவாள். அதனால் பேசினைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு குனிந்து குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கள் டொக்டரோ?"

ஓம் என்றேன்.

"அவருக்கு உது தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன்."

"அவர் என்ரை காலைப் பாத்துத்தான் ஓமெண்டவர்."

அப்படிச் சொல்லிவிட்டு அவளாகவே காலை முன்னால் நீட்டினாள். சொக்ஸை அவளே கழற்றினாள். சில இடங்களில் அது புண்ணில் ஒட்டியிருந்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுத்தாள். அப்போதுதான் பார்த்தேன். ஒரு விரல் கனத்தில், பழைய தந்தத்தின் நிறத்தில், வரி வரியாக வளர்ந்து நுனியில் சுருண்டு அந்த நகம் அவளுடைய சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. சுற்றிவரச் சிவந்து சீழ் கட்டியிருந்தது. மற்ற விரல்கள் நான் மன்னாரில் பார்த்த அதே விரல்கள்.

எனக்கு ஒளிப்பதற்காக ஒரு வாழ்நாள் முழுவதும் சொக்ஸுக்குள் வெக்கையில் கிடந்த கால். என்னை யாரோ என்று நினைத்ததால்தான் காட்டினாள். நான் நானாக இருந்திருந்தால் காட்டியிருக்கமாட்டாள்.

"வெட்டிவிடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். நான்தான் வெட்டுறனான்" என்றாள். நகவெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். நான் மறுபடி காலைத் தொட்டதும் வீரிட்டு அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே சொக்ஸைப் போட்டுக்கொண்டாள். பேசினில் தண்ணீர் ஆறும்வரை நான் நிலத்தில் அப்படியே இருந்தேன்.

அன்றே மகளுக்கு அழைத்தேன். அவள் ஒஷாவாவில் இருக்கிறாள். வேலை முடிந்ததும் நேரே வந்தாள். தாய் தூங்கிய நேரம் பார்த்துச் சொக்ஸை இறக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை? இற்ஸ் இன்ஃபெக்டட்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். அம்மாவின் அந்த நகத்தை அவளும் அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

மகளே ஒழுங்குபண்ணி, கால்களைப் பார்க்கிற ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வந்தார். கையுறை போட்டு, துணி விரித்து, மிக அன்பாகப் பேசினார். என் மனைவி அவரை நெஞ்சில் உதைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நேர்ஸ் எழுந்து, பரவாயில்லை என்று சொல்லி, இதை வீட்டில் செய்யமுடியாது என்றார். மருந்துக் குளிசைகள் தந்தார்கள். அவள் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து துப்பிவிடுவாள். வீக்கம் பாதத்துக்கு ஏறியது, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டொக்டர் இளம் பெண். நகத்தை முழுதாக எடுத்து, இனி முளைக்காதபடி அதன் வேரையும் எரித்துவிடலாம் என்றார். அதற்கு அவளை மயக்கவேண்டும். இந்த மறதி வருத்தம் உள்ளவர்களுக்கு மயக்கம் தெளிந்த பிறகு குழப்பம் கூடலாம் என்றும், சிலர் பழைய நிலைக்கு வராமலே போகலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். செய்யாமல் விட்டால் கிருமி எலும்புக்குப் போகும், விரலையோ காலையோ எடுக்கவேண்டி வரலாம் என்றார். தெரிவு செய்வதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. செய்யுங்கள் என்றோம்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னர் ஒரு நேர்ஸ் வந்து சொக்ஸைக் கழற்றினார். மருந்து ஏறத் தொடங்கியிருந்தது, கண்கள் செருகியிருந்தன. அப்படியிருந்தும் இடது காலைத் தூக்கி வலது கால் விரலுக்கு மேல் வைத்து மூடினாள். அவள் ஒளிக்கிறாள் என்று அந்த நேர்ஸுக்குத் தெரிந்திருக்காது. இடது காலை மெதுவாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவள் மறுபடி மூடினாள். மறுபடி எடுத்தார். மூன்றாம் முறை அந்தக் கால் அசையவில்லை.

சின்ன வேலை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. எல்லாம் நன்றாகச் சரிவந்தது என்று டொக்டர் வந்து சொன்னார். புண் ஆறியது. ஆனால் அவள் திரும்பி வரவில்லை. கண் விழித்தாள், சாப்பாடு ஊட்டினால் விழுங்கினாள், அவ்வளவுதான். நடக்கவில்லை. சில நாட்களில் வரும் என்றார்கள். பிறகு சில வாரங்களில் என்றார்கள். அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். நான் யாரைப் பார்க்க வந்தேன் என்று அவள் கேட்பதும் நின்றுவிட்டது. அந்தக் கேள்வி என்னை எப்படி அறுத்தது என்று முன்பெல்லாம் மகளிடம் சொல்லி அழுதிருக்கிறேன். இப்போது அவள் ஒருமுறை அதைக் கேட்டால் போதும் என்று கிடக்கிறது.

வீட்டில் தனியாக அவளைத் தூக்கவும் பிரட்டவும் என்னால் முடியவில்லை. மகளுக்குச் சின்னப் பிள்ளைகள், வேலை. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இடம் கிடைத்தது. நல்ல இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது. நான் நாளாந்தம் பஸ்ஸில் போகிறேன். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டை நானே ஊட்டிவிட்டு, பின்னேரம் திரும்பி வருவேன்.

அங்கே எல்லோருடைய கால்களையும் ஒழுங்காகப் பார்க்கிறார்கள். கழுவுகிறார்கள், துடைக்கிறார்கள், கிறீம் பூசுகிறார்கள், நகம் வெட்டுகிறார்கள். அவள் அசைவதில்லை. யார் வந்து காலைப் பிடித்தாலும் விட்டுவிடுகிறாள். முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அவள் இழுப்பாள் என்று காத்திருந்தேன். ஒரு ஆண் பணியாளர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர், அவளுடைய வலது பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து விரல் விரலாகத் துடைத்தார். மரியாதையாகத்தான் துடைத்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நல்ல ஆள், ஒரு கரைச்சலும் தருவதில்லை என்று அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார்.

நகம் இருந்த இடத்தில் இப்போது வெறும் தோல். வெளுத்து, மினுமினுப்பாக, ஒன்றுமே இருந்திராத மாதிரி. நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அழுத்தினால் மென்மையாக அமுங்குகிறது. இத்தனை வருடம் அவளுடைய காலில் தொட விடாத இடம், இப்போது எவ்வளவு நேரமும் தொட்டுக்கொண்டிருக்கலாம். தொட்டு எனக்கு என்ன. அவள் வெட்கப்பட்டுக் காலை இழுத்த காலம் முழுக்க அவள் அங்கே இருந்தாள் என்பது இப்போதுதான் விளங்குகிறது. உதைத்தபோதும் இருந்தாள். வீரிட்டு அழுதபோதும் இருந்தாள். இப்போது அந்தக் கட்டிலில் கிடக்கிற உடம்புக்கு ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை, ஒளிக்கிற அவளும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தாய்க்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டாள், முகத்துக்குப் பவுடர் பூசினாள். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வெளியே வரும்போது லிஃப்டில் என்னுடைய தோளில் கை வைத்துச் சொன்னாள்.

"அம்மா இப்ப அமைதியா இருக்கிறா, அப்பா. ஷீ இஸ் நொட் ஃபைற்றிங் எனிமோர்."

அவள் என்னைத் தேற்றத்தான் சொன்னாள். அவளுக்கும் யாராவது அப்படிச் சொல்லவேண்டியிருந்தது. நான் ஓம் என்றேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். வேண்டாம், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீ போ என்று அனுப்பிவிட்டுப் பஸ் தரிப்பில் நின்றேன். பஸ் வந்தது. கதவு திறந்தது. சாரதி என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். எனக்கு ஏறவேண்டும் என்று தோன்றவில்லை, நிற்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. அவன் கையால் சைகை காட்டிக் கேட்டான். நான் போகச் சொன்னேன்.